விளக்கை மறைத்த விட்டில் பூச்சி

சிலமலையில் இரவு எட்டு மணி.

ஏலத்தோட்ட வேலைக்குப் போன ஜீப்புகள் மலையிறங்கித் திரும்பிவிட்டன. போடிநாயக்கனூருக்கு அருகே, ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. மேற்கே மலை கருப்பாகப் படுத்திருக்கிறது. அதற்கு மேலே வானம் முழுவதும் நட்சத்திரங்கள்.

வாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள் ஒரு சிறுமி. பக்கத்தில் அவளுடைய அப்பத்தா.

"அப்பத்தா, அந்த வெள்ளியிலயும் நம்மளை மாதிரி ஆளுக இருப்பாங்களா?"

"அதைத் தெரிஞ்சு என்னத்தா பண்ணப் போற? விடிஞ்சா ஜீப்புக்குப் போகணும். பேசாம படு."

இப்படி ஒரு பேச்சு எந்த வீட்டு வாசலிலும் நடக்கக்கூடியதுதான். அப்பத்தாவைக் குறை சொல்ல முடியாது. விடியற்காலை எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, மலையேறி, நாள் முழுவதும் குனிந்து ஏலக்காய் பறித்தவர் அவர்.

ஆனால், பேத்தி கேட்ட கேள்வியும் சாதாரணக் கேள்வி அல்ல. உலகத்தின் பெரிய விஞ்ஞானிகள் இன்று இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருப்பது அதே கேள்வியைத்தான்!

மின்மினியும் முன்விளக்கும்

சூரியனும் ஒரு நட்சத்திரமே. அதைச் சுற்றிப் பூமி, செவ்வாய், வியாழன் முதலிய எட்டுக் கிரகங்கள் ஓடுகின்றன. அப்படியானால் மற்ற நட்சத்திரங்களைச் சுற்றியும் கிரகங்கள் இருக்க வேண்டும் அல்லவா?

இருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. கண்டுபிடிப்பதுதான் கடினம்.

போடிமெட்டு மலைப்பாதையில் ஒரு ஜீப் இறங்கி வருகிறது. அதன் முன்விளக்கு பளிச்சென்று எரிகிறது. அந்த விளக்கை ஒட்டி ஒரு மின்மினிப் பூச்சி பறந்தால், அடிவாரத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. விளக்கின் ஒளி மின்மினியை விழுங்கிவிடும்.

நட்சத்திரம்தான் முன்விளக்கு. கிரகம்தான் மின்மினி. கிரகத்துக்குச் சொந்த வெளிச்சமும் இல்லை. நட்சத்திரம் கொடுக்கும் வெளிச்சத்தில்தான் அது மின்னுகிறது.

பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதற்கு ஒரு யுக்தி இருக்கிறது.

தெருக்கோடியில் ஒரு விளக்கு எரிகிறது. ஒரு விட்டில் பூச்சி அதைச் சுற்றுகிறது. தூரத்தில் இருப்பவருக்குப் பூச்சி தெரியாது. ஆனால், பூச்சி விளக்குக்கு முன்னால் குறுக்கே போகும்போதெல்லாம் வெளிச்சம் ஒரு துளி குறையும். அந்தக் குறைவைச் சரியாக அளக்க முடிந்தால், பூச்சியைப் பார்க்காமலே "அங்கே ஒரு பூச்சி சுற்றுகிறது" என்று சொல்லிவிடலாம். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துப் பூச்சியின் அளவையும் சொல்லலாம். எத்தனை நேரத்துக்கு ஒரு முறை குறைகிறது என்பதை வைத்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்றும் சொல்லலாம்.

இதுதான் இரகசியம்!

12,000 விளக்கில் ஒரு விளக்கு

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், அந்தக் குறைவு எவ்வளவு தெரியுமா?

வியாழன் போன்ற பெரிய கிரகம் சூரியன் போன்ற நட்சத்திரத்தை மறைத்தால், நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் குறையும். பூமி போன்ற சிறிய கிரகம் மறைத்தால், ஏறக்குறைய 12,000 பங்கில் ஒரு பங்குதான் குறையும். 12,000 விளக்குகள் எரியும் ஊரில் ஒரே ஒரு விளக்கை அணைத்தால் எவ்வளவு குறையுமோ, அவ்வளவுதான்.

பூமியில் இருந்துகொண்டு இதை அளப்பது மிகக் கடினம். காற்று அசைந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் நட்சத்திரம் கண்சிமிட்டுகிறது. கண்சிமிட்டும் விளக்கில் இவ்வளவு சிறிய குறைவை எப்படி அளப்பது?

ஆகவே, தொலைநோக்கியையே காற்று இல்லாத விண்வெளிக்கு அனுப்பினார்கள்.

2009-ல் அமெரிக்கா "கெப்லர்" என்ற தொலைநோக்கியை அனுப்பியது. அது வானத்தில் ஒரே பகுதியை உற்றுப் பார்த்தது. ஒரு இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் வெளிச்சத்தை ஒரே சமயத்தில் அளந்தது. 2018-ல் எரிபொருள் தீர்ந்து ஓய்வு பெற்றது. அதற்குள் 2,600-க்கும் மேற்பட்ட கிரகங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அதே 2018-ல் "டெஸ்" என்ற இன்னொரு தொலைநோக்கி மேலே போனது. இப்படிப் பல வழிகளில் கண்டுபிடிக்கப்பட்ட வேற்று நட்சத்திரக் கிரகங்களின் எண்ணிக்கை, 2025 செப்டம்பரில் 6,000-ஐத் தொட்டது.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் வேலை, சிலமலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அது சென்னையில் தொடங்குகிறது.

நுங்கம்பாக்கத்தில் எழுந்த குரல்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் ஒரு வான ஆராய்ச்சி நிலையம் கட்டப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. 19-ம் நூற்றாண்டின் நடுவில் அதன் தலைவராக இருந்தவர் காப்டன் ஜேக்கப் என்ற வெள்ளையர்.

வானத்தில் "70 ஓபியூக்கி" என்று ஒரு நட்சத்திர ஜோடி உண்டு. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவற்றின் பாதையை ஜேக்கப் கவனித்தார். கணக்கு சொல்லும் இடத்தில் நட்சத்திரம் இல்லை. கொஞ்சம் விலகியிருந்தது.

திருவிழாவில் தகப்பன் தன் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துச் சுற்றுகிறான். பிள்ளை மட்டுமா சுற்றுகிறது? தகப்பனும் சற்றே ஆடுவான். அதுபோல, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் இழுப்பதால்தான் நட்சத்திரம் ஆடுகிறது என்று ஜேக்கப் நினைத்தார். அப்படி ஒரு கிரகம் இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று 1855-ல் எழுதினார்.

வேறொரு நட்சத்திரத்துக்குக் கிரகம் இருக்கிறது என்று அளவும் கணக்கும் காட்டிச் சொன்ன முதல் குரல்களில் ஒன்று, சென்னையிலிருந்து எழுந்தது!

ஆனால், அவர் சொன்னது சரியா?

இல்லை. தவறு!

1890-களில் சீ என்ற அமெரிக்கரும் அதே ஜோடியில் மறைந்திருக்கும் ஒரு பொருள் உண்டு என்று வாதாடினார். 1899-ல் மோல்ட்டன் என்ற கணித அறிஞர் கணக்குப் போட்டு, அப்படிப்பட்ட பாதையில் எதுவும் நிலைத்து ஓட முடியாது என்று காட்டினார். அந்தக் காலத்துக் கருவிகளின் சிறு பிசகுதான், கிரகம் போல ஏமாற்றியிருக்கிறது.

இது ஜேக்கப்புக்கு அவமானமா? இல்லவே இல்லை. தாம் அளந்ததை அவர் மறைக்காமல் வெளியிட்டார். அதனால்தான் மற்றவர்களால் சோதிக்க முடிந்தது. கேள்வி சரியானது. பதில்தான் தவறு. கேள்வியை உலகம் கைவிடவில்லை.

தமிழ்நாட்டின் மூன்று சாட்சிகள்

இன்று கிரகம் தேடுவதற்குப் பயன்படும் வழிகள், தமிழ்நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அன்னியமானவை அல்ல.

சென்னை நிலையத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867-ல் அவர், வெளிச்சம் கூடிக் குறையும் ஒரு புதிய நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9-ந் தேதி வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே சென்றது. அது எப்படி நடக்கிறது, அதை ஏன் கவனிக்க வேண்டும் என்று, சாதாரண ஜனங்களும் புரிந்துகொள்ளும்படி முன்கூட்டியே சிறு புத்தகம் எழுதினார். இங்கிலீஷில் மட்டும் அல்ல. இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். விட்டில் பூச்சி விளக்கை மறைக்கும் கதையை, நம் ஜனங்களுக்கு அன்றே சொன்னவர் அவர்.

இரண்டாவது சாட்சி கொடைக்கானல். சென்னையிலிருந்த வான ஆராய்ச்சி 1899-ல் அங்கே மாற்றப்பட்டது. 1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு ஓடுவதை அங்கே கண்டுபிடித்தார். கண்ணால் பார்த்து அல்ல. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, நிறக்கோடுகள் இடம் நகர்ந்திருப்பதை அளந்து கண்டுபிடித்தார். நட்சத்திரம் ஆடுவதை விஞ்ஞானிகள் இன்று அளப்பதும் அதே தத்துவப்படிதான்.

மூன்றாவது சாட்சி, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். 1977 மார்ச் 10-ந் தேதி, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. காவலூரில் பட்டாச்சாரியா, குப்புசாமி என்ற இருவர் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அதைக் கவனித்தார்கள். கிரகம் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சில விநாடி மங்கியது!

யுரேனசுக்குப் புதிய சந்திரன் ஒன்று இருக்குமோ என்று முதலில் கருதினார்கள். பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கர்களும், வேறு இடங்களில் பார்த்தவர்களும் தங்கள் கணக்கைக் கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் ஒப்பிட்டபோது உண்மை விளங்கியது. அது சந்திரன் அல்ல. யுரேனசைச் சுற்றியிருக்கும் வளையம்!

சில விநாடி மங்கல். அதிலிருந்து ஒரு பெரிய உண்மை.

கெப்லரும் ஆபு மலையும்

1995-ல் மேயர், கெலோஸ் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள், சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். நட்சத்திரத்தின் ஆட்டத்தை அளந்துதான் கண்டுபிடித்தார்கள். ஜேக்கப் கேட்ட கேள்விக்கு 140 ஆண்டு கழித்து உறுதியான பதில் கிடைத்தது. அவர்களுக்கு 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. இராஜஸ்தானில் ஆபு மலை மீது 1.2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதில் "பாரஸ்" என்ற கருவியை அகமதாபாத் ஆராய்ச்சிக்கூடத்தார் பொருத்தினார்கள். கெப்லர் தொலைநோக்கி ஒரு நட்சத்திரம் மங்குவதைப் பார்த்துச் சொன்னது. அது உண்மையில் கிரகம்தானா என்பதை, நட்சத்திரத்தின் ஆட்டத்தை அளந்து பாரஸ் உறுதி செய்தது.

2018-ல் இந்தச் செய்தி வெளிவந்தது. 600 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அந்தக் கிரகம், பூமியைப் போல 27 மடங்கு எடை உள்ளது. அங்கே ஒரு வருஷம் என்பது நம் கணக்கில் பத்தொன்பதரை நாள்தான்!

விண்வெளியில் இருக்கும் கருவி சொன்னதையும், தரையில் இருக்கும் கருவி சோதித்துத்தான் ஒப்புக்கொள்கிறது. இது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஏலம் எடுக்கும் வியாபாரி

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும்போது என்ன நடக்கிறது? "என் காய் நல்ல காய்" என்று விற்பவர் சொன்னவுடன் வியாபாரி பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறாரா? இல்லை. மாதிரியைக் கையில் வாங்குகிறார். நிறம் பார்க்கிறார். பருமன் பார்க்கிறார். லிட்டர் எடை என்ன என்று கேட்கிறார். அதற்குப் பிறகுதான் விலை.

விஞ்ஞானமும் அப்படித்தான். மாதிரி பார்க்காமல் விலை கிடையாது.

2021 டிசம்பர் 25-ந் தேதி "ஜேம்ஸ் வெப்" என்ற பெரிய தொலைநோக்கி மேலே சென்றது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று அது பார்க்கிறது. அதன் கண்ணாடி ஆறரை மீட்டர் அகலம்.

கண் கூசினால் மனிதன் கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொள்கிறான் அல்லவா? அதுபோல நட்சத்திரத்தின் ஒளியை மட்டும் மறைக்கும் கருவி அதில் இருக்கிறது. அதன் உதவியால் ஏறக்குறைய 12 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஒரு பெரிய கிரகத்தை 2024-ல் நேராகவே படம் பிடித்துவிட்டார்கள். முன்விளக்கை மறைத்ததும் மின்மினி தெரிந்தது!

இன்னொரு கருவி ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கிறது. கிரகம் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது, நட்சத்திர ஒளி கிரகத்தின் காற்று வழியாகவும் வருகிறது. அந்தக் காற்று சில நிறங்களை மட்டும் விழுங்கிக்கொள்கிறது. எந்த நிறம் குறைந்தது என்று பார்த்தால், காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். காயின் பச்சையைப் பார்த்து, அது பக்குவமாக உலர்ந்ததா என்று வியாபாரி சொல்வதைப் போலத்தான். 2022-ல், 700 ஒளியாண்டு தூரத்தில் உள்ள கிரகம் ஒன்றின் காற்றில் கரியமில வாயு இருப்பதை இவ்வாறு கண்டுபிடித்தார்கள்.

இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பணியாற்றும் நிக்கு மதுசூதன் என்ற விஞ்ஞானியின் குழு, "கே2-18பி" என்ற கிரகத்தை ஆராய்ந்தது. மீத்தேன் வாயுவும் கரியமில வாயுவும் இருப்பதாக 2023-ல் சொன்னது. 2025 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போனது. பூமியில் கடல் பாசி உண்டாக்கும் ஒரு வாயுவின் அடையாளம் தெரிவதாகச் சொன்னது.

உலகப் பத்திரிகைகள் பரபரப்படைந்தன. "வேறொரு கிரகத்தில் உயிர்!" என்று கைப்பேசிகளில் செய்தி பறந்தது.

ஆனால் மற்ற விஞ்ஞானிகள், "மாதிரியைக் காட்டுங்கள்" என்று அதே அளவுகளை வாங்கிப் பார்த்தார்கள். "இந்த ஆதாரம் போதாது" என்று பலர் சொன்னார்கள். இன்னும் அளந்து பார்க்க வேண்டும் என்பதை மதுசூதன் குழுவும் ஒப்புக்கொண்டது. சண்டை இல்லை. வசை இல்லை. அளவுக்கு அளவு, கணக்குக்குக் கணக்கு.

சென்னையில் ஜேக்கப் சொன்னதற்கு நடந்ததுதான், கேம்பிரிட்ஜில் மதுசூதன் சொன்னதற்கும் நடக்கிறது. இதுவே விஞ்ஞானத்தின் பலம்.

சோறா? நட்சத்திரமா?

"சம்பளம் போதவில்லை, ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிறது. இதில் நட்சத்திரத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று தோட்டத் தொழிலாளி கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. கூலியும் மருத்துவமும் பள்ளிக்கூடமும்தான் முதலில் வேண்டும். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், ஏழை வீட்டுக்குச் சோறு மட்டும் போதும், அறிவு பணக்கார வீட்டுக்கு என்று பங்கு பிரிப்பது நியாயமா? வானத்தைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பெரிய நகரங்களில் விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரமே தெரிவதில்லை. மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கோ அது வாசலிலேயே இருக்கிறது. பணக்கார நகரத்தில் கிடைக்காத ஒரு சொத்து, சிலமலையில் கிடைக்கிறது!

இன்னொன்று. இந்த ஆராய்ச்சியால் பலன் இல்லை என்பதும் சரியல்ல. இன்று எல்லோர் கையிலும் இருக்கும் கைப்பேசிக் காமிராவின் உள்ளே ஒரு சிறு சில்லு இருக்கிறது. அந்த வகைச் சில்லு, விண்கலங்களில் வைப்பதற்காக 1990-களில் அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாக்கப்பட்டதுதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பலன் வேறு. அது சோதித்துப் பார்க்கும் பழக்கம்.

கைப்பேசியில் நாள்தோறும் எத்தனை செய்திகள் வருகின்றன! இந்த மருந்து சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும். இந்தச் சீட்டில் பணம் போட்டால் இரட்டிப்பாகும். புதிய பூமி கிடைத்துவிட்டது, சீக்கிரம் ஜனங்கள் குடியேறப் போகிறார்கள். நம்பி ஏமாறுகிறவர்கள் யார்? பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்தினர்.

கே2-18பி கிரகம் 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒரு விநாடியில் மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளியே அங்கு போய்ச் சேர 124 ஆண்டு ஆகும். இந்த ஒரு கணக்கு தெரிந்தவரிடம், "குடியேறப் போகிறோம்" என்ற கதை செல்லுமா?

யார் அளந்தார்? எப்படி அளந்தார்? வேறு யாராவது சோதித்தாரா? இந்த மூன்று கேள்வியைக் கேட்கப் பிள்ளைகள் பழகிவிட்டால், வானத்துக் கிரகத்தை மட்டும் அல்ல, தரையில் நடக்கும் மோசடியையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

மலையடிவாரத்து உயர்நிலைப்பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய தொலைநோக்கி இருக்க வேண்டும். பெரிய செலவு அல்ல. மாதம் ஒரு நாள் இரவு, பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்து ஆசிரியர்கள் வானத்தைக் காட்டலாம். 1610-ல் கலிலியோ பார்த்த வியாழனின் நான்கு சந்திரன்களைச் சிறு தொலைநோக்கியிலேயே பார்க்கலாம். நாளுக்கு நாள் அவை இடம் மாறுவதை நோட்டில் குறிக்கலாம்.

தெருவிளக்குகளுக்கு மேலே மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்யலாம். ஜனங்களுக்குப் பாதையும் தெரியும். நட்சத்திரமும் தெரியும்.

இரகுநாதாச்சாரி செய்ததைப் போல, புதிய கண்டுபிடிப்புகளை எளிய தமிழில் ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். சொல்கிறவர், தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும்.

சிலமலைச் சிறுமியின் கேள்விக்கு இன்று பதில் என்ன? அந்த நட்சத்திரங்களில் ஆட்கள் இருக்க முடியாது. அவை நெருப்பாகக் கொதிப்பவை. அவற்றைச் சுற்றும் கிரகங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே உயிர் உண்டா என்பதை இதுவரை யாரும் உறுதியாகக் கண்டதில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நாளை இரவும் பேத்தி அதே கேள்வியைக் கேட்பாள். அப்போது அப்பத்தா இப்படிச் சொல்லலாம்:

"இன்னும் யாருக்கும் தெரியலையாம் தாயி. அளந்து பார்த்துக்கிட்டிருக்காங்க. நீ நல்லாப் படி. நீயும் போய் அளந்து பாரு."